ரங்கூனுக்கு வந்தும் விடாத குளிர்காய்ச்சல்

கேள்வி: நான் ராமநாதபுரத்துக்காரன், வயது 31. ரங்கூனில் கட்டுமானக் கம்பெனியில் வேலை. தென் பர்மாவில் தவாய்ப் பக்கம் காட்டுக்குள் சாலை வேலைக்குப் போனபோது மலேரியா வந்தது. விவாக்ஸ் என்கிற வகை என்றார்கள். குளோரோகுயின் மூன்று நாள் போட்டதும் காய்ச்சல் நின்றுவிட்டது. அடுத்து 14 நாளைக்குக் கொடுத்த மாத்திரை வயிற்றைப் பிசைந்ததால் நாலாம் நாளே நிறுத்திவிட்டேன். ரங்கூன் திரும்பி இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே நடுக்கம். கொசுவலைக்குள்தான் படுக்கிறேன், எப்படிக் கடித்தது? பக்கத்து அறை அண்ணன் தன்னிடம் மிச்சமிருக்கும் மாத்திரையைத் தருகிறேன் என்கிறார். அம்மா, வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வா என்கிறார். என்ன செய்ய?

பதில்: தம்பி, ரங்கூன் கொசுவைத் திட்டாதீர்கள். அதற்கு டெங்கு கொடுக்கவே நேரம் சரியாக இருக்கிறது. உங்களைக் கடித்தது பெரும்பாலும் தவாய்க் காட்டுக் கொசுதான், அதுவும் அப்போதே.

விவாக்ஸ் கிருமிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ரத்தத்தில் இருப்பது குளோரோகுயினுக்குச் சாகும். கல்லீரலில் ஒரு கூட்டம் தூங்கிக்கொண்டிருக்கும், அதைக் குளோரோகுயின் தொடாது. வாரமோ மாதமோ கழித்து அது விழித்துக்கொண்டு ரத்தத்தில் இறங்கும். அந்தக் கூட்டத்தைக் கொல்லத்தான் 14 நாள் மாத்திரை. பிரிமாகுயின் என்று அட்டையில் போட்டிருக்கும்.

நானும் பட்டவள்தான். மோல்மேனில் இருந்தபோது, காய்ச்சல்தான் போய்விட்டதே என்று அந்த மாத்திரையை மேசை இழுப்பறையில் போட்டு மறந்தேன். இரண்டாம் தடவை நடுங்கியபோது மாமியார் இரண்டு கம்பளியைப் போர்த்தி, அதன்மேல் அரிசிச் சாக்கையும் போட்டார். கட்டில் ஆடியது நிற்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லிவைத்த மாதிரி. முறைக்காய்ச்சல் என்று நம் பெரியவர்கள் சும்மாவா பெயர் வைத்தார்கள்?

சரி, இப்போது செய்ய வேண்டியது. அண்ணனுக்கு நன்றி சொல்லி மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். இது பழைய விவாக்ஸ்தானா, டெங்குவா, பால்சிபேரம் என்கிற இன்னொரு வகை மலேரியாவா என்று விரல் நுனி ரத்தத்தைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பால்சிபேரம் இரண்டொரு நாளில் ஆளைச் சாய்க்கக்கூடியது. அதற்கு மருந்தே வேறு. பேச்சு குழறினாலோ, மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் வந்தாலோ, குடித்த தண்ணீரும் வயிற்றில் நிற்காவிட்டாலோ ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிதான்.

விவாக்ஸ் என்று உறுதியானால் டாக்டரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: முன்பு நாலு நாளோடு நிறுத்தியது, அப்புறம் ஜி6பிடி என்கிற நொதிக்கான ரத்தப் பரிசோதனை செய்தார்களா இல்லையா என்பது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி குறைவு. ஆண்களுக்கு அம்மா வழியாக வருவது, அவர்களிடம்தான் அதிகம் தெரியும். குறைவு உள்ளவர்கள் பிரிமாகுயின் சாப்பிட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். அப்படிக் கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். குறைவு இருந்தாலும் வழி இல்லாமல் இல்லை. வாரம் ஒரு தடவையாக எட்டு வாரம், டாக்டர் கண்காணிப்பில் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரையே ஆகாது. மனைவியோடு இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

வயிற்றைப் பிசைந்தது என்கிறீர்களே, வெறும் வயிற்றில் போட்டீர்களா? காலையில் ஒரு கிண்ணம் மொஹிங்கா சாப்பிட்டுவிட்டுப் போட்டுப் பாருங்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

காய்ச்சல் விட்ட பிறகும் சில வாரம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், எரிச்சலாக வரும். ரத்தம் குறைந்திருப்பதால் அப்படி. சந்தையில் டண்டலுன் என்று விற்பது நம் முருங்கைதான். கீரை கிடைத்தால் பருப்போடு வதக்குங்கள். மண்ணீரல் வீங்கியிருக்கலாம், அடிபட்டால் ஆபத்து. டாக்டர் சரி என்கிறவரை கால்பந்து வேண்டாம்.

அம்மா விஷயம். ஊருக்குப் போனால் கல்லீரலில் தூங்குவதும் கூடவே விமானம் ஏறும். சென்னை மாதிரி ஊர்களில் மாடித் தண்ணீர்த் தொட்டியில் முட்டையிடுகிற கொசு ஒன்று இருக்கிறது. தூங்குகிற கிருமி விழித்திருக்கும்போது உங்களைக் கடித்தால் அடுத்த வீட்டுக்காரருக்கும் கொடுத்துவிடும். ஆகவே முதலில் வைத்தியம், பயணம் பிறகு. மறுபடி காட்டு வேலைக்கு அனுப்பினால் மருந்து தோய்த்த வலை கேட்டு வாங்குங்கள், பொழுது சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை போடுங்கள். காட்டு மலேரியாக் கொசு அந்தியிலிருந்து விடியும்வரை கடிப்பது. வேலையையே விடுவதா என்பதை உடம்பு தேறிய பிறகு யோசிக்கலாம். காய்ச்சலில் எடுக்கிற முடிவு எனக்குப் பிடிக்காது.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: தினமும் மாத்திரை போட்டதும் போன் செய்கிறேன் என்று. 14 வரை எண்ணுகிற வேலையை அவரே பார்த்துக்கொள்வார்.