நிருபர் அழைத்தால் என்ன பேசுவது?

காய்ச்சல் பரவுவது பற்றி உள்ளூர் நாளிதழ் நிருபரிடம் விரிவாக விளக்கினேன். ஒரே வரிதான் வந்தது, அதுவும் அர்த்தம் மாறி. எப்படிப் பேசியிருக்க வேண்டும்? – பொது மருத்துவர்

உங்களுக்குக் கிடைக்கும் இடமே ஓரிரு வரிதான். அது எந்த வரி என்பதை நீங்கள் முன்கூட்டியே தீர்மானிக்காவிட்டால் நிருபர் தீர்மானிப்பார். அழைப்பு வந்த கையோடு பேச ஆரம்பிக்காதீர்கள். பெயர், பத்திரிகை, செய்தி எதைப் பற்றியது, எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, "இருபது நிமிடத்தில் நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கூப்பிட்டும்விடுங்கள். நிர்வாக அனுமதி தேவையென்றால் அதையும் இதற்குள் வாங்கிவிடலாம்.

மூன்று கருத்துக்கு மேல் வேண்டாம். நோயின் வரலாற்றில் தொடங்கி முடிவைக் கடைசியில் சொல்வது மருத்துவர்களின் பழக்கம்; செய்திக்கு முடிவுதான் முதலில் வேண்டும். "மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள்" என்பது அப்படியே அச்சேறும்.

அர்த்தம் மாறுவது பெரும்பாலும் நிபந்தனை வெட்டுப்படுவதால்தான். "இந்த மருந்து பாதுகாப்பானது. ஆனால் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது" என்றால் இடமில்லாதபோது இரண்டாவது வாக்கியம் போய்விடும். "கர்ப்பிணிகள் தவிர மற்றவர்களுக்கு இது பாதுகாப்பானது" என்றால் வெட்ட வழியில்லை. முழுச் செய்தியையும் முன்கூட்டியே காட்டச் சொன்னால் பொதுவாக மறுப்பார்கள். உங்கள் மேற்கோளையும் எண்களையும் மட்டும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பலர் இசைவார்கள். தலைப்பு பெரும்பாலும் நிருபர் கையில் இல்லை, உதவி ஆசிரியர் வைப்பது.

"ஆபத்து இரு மடங்கு" என்று ஆய்வு சொன்னால் அதை அப்படியே சொல்லலாமா? – மருந்தாளுநர்

கூடவே கூடாது. 1995இல் பிரிட்டனில், சில புதிய கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு ஆபத்து இரு மடங்காகிறது என்ற எச்சரிக்கை செய்திகளில் பரவியது. உண்மையில் அது சுமார் 7,000 பேரில் ஒருவர் என்பதிலிருந்து இருவர் என்று உயர்ந்திருந்தது. பயந்துபோன பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்பு பல ஆயிரம் கூடியது. கர்ப்பத்தில் ரத்தக்கட்டு ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம் என்பதுதான் இதில் வேதனை. எத்தனை பேரில் எத்தனை பேர், எவ்வளவு காலத்தில் என்று சொல்லுங்கள். நிருபர் மடங்குக் கணக்கே கேட்டாலும் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வையுங்கள்.

பெயரைச் சொல்லாமல் நோயாளியைப் பற்றிப் பேசலாமா? – செவிலியர்

சிறிய ஊரில் வயது, தொழில், நோய் மூன்றும் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நோயாளியே ஊடகத்தில் பேசியிருந்தாலும் உங்கள் ரகசியக் கடமை நீங்காது. எழுத்தில் சம்மதம் வேண்டும், படத்துக்குத் தனியாக. "பேச விருப்பமில்லை" என்று முறித்துவிடாமல், "தனி நபர் பற்றிப் பேச முடியாது, இந்த நோயைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறேன்" என்று தொடருங்கள். வார்டில் படம் எடுத்தால் பின்னணியிலுள்ள பெயர்ப் பலகை, கணினித் திரை, மணிக்கட்டுப் பட்டை மூன்றையும் முதலில் பாருங்கள்.