இருண்ட பூமணம்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

உப்புவெளி: அக்கா, மல்லிகை சென்ட் ஒன்று வாங்கினேன். அடித்ததும் பூச்சி உருண்டை மணக்குது. போலியா?

அதை வைத்து மட்டும் போலி என்று சொல்ல ஏலாது. அந்த மணம் இன்டோல் என்ற வேதிப்பொருளுடையது. மல்லிகையிலேயே இயற்கையாக இருப்பது. செறிவாக மோந்தால் பூச்சி உருண்டை, இன்னும் போனால் கழிவறை. நன்றாகக் கரைந்து நின்றால்தான் பூவாக மணக்கும். பத்திரகாளி அம்மனுக்கு மாலையில் சாத்திய மல்லிகைச் சரத்தை மறுநாள் விடிய மோந்து பாருங்கள்: தித்திப்புக்கு அடியில் லேசான அழுகல். இருண்ட பூ சென்ட்டுகளின் கவர்ச்சி முழுக்க அதில்தான். இன்டோலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சவர்க்கார வாசம். கையில் அடித்து 20 நிமிடம் பொறுங்கள். பிறகும் உருண்டையே மணந்தால் அது உங்களுக்கு ஒத்துவராது, விடுங்கள்.

நிலாவெளி: பிளாக் ஓர்கிட் சென்ட் கறுப்பு ஓர்கிட் பூவிலிருந்தா எடுக்கிறது?

இல்லை. அமெரிக்க வடிவமைப்பாளர் டாம் ஃபோர்டின் அந்தச் சென்ட்டில் (2006) ஓர்கிட் ஒரு கற்பனை. ட்ரஃபிள் காளான், இலாங்-இலாங் பூ, சொக்லேட், பச்சோலி இலை மணங்களால் கட்டியது. பச்சோலி என்ற சொல் தமிழிலிருந்து போனதுதான்!

கிண்ணியா: இப்படி இருண்ட பூமணம் ஒன்றை அத்தராக (எண்ணெய்ச் சென்ட்டாக) வீட்டில் கலக்க அளவு சொல்லுங்கோ.

10 கிராமுக்கு: சந்தன எண்ணெய் 0.6 கிராம், பச்சோலி எண்ணெய் 0.25, இலாங்-இலாங் எண்ணெய் 0.08, மல்லிகை அப்சலூட் (பூவிலிருந்து கரைத்தெடுத்த செறிந்த சாறு) 0.05, மீதி ஹொஹோபா விதை எண்ணெய். சொட்டு எண்ணாதீர்கள், தடித்த எண்ணெயின் சொட்டும் மெல்லியதன் சொட்டும் ஒரே எடை இல்லை. 0.01 கிராம் காட்டும் தராசு வேணும். மல்லிகையைக் கடைசியில் விடுங்கள். வழக்கமாகப் பிழை வருவது பச்சோலியில்: கூடினால் ஈர மண் வாசம் மேலெழும்பும். அதை அடக்க மல்லிகையைக் கூட்டினால் தோல் கடிக்கும், சந்தனத்தைக் கூட்டுங்கள். சமையல் தேங்காயெண்ணெய் வேண்டாம், அதன் வாசமே முன்னுக்கு நிற்கும். மூன்று கிழமை இருட்டில் வைத்து, முழங்கை மடிப்பில் ஒரு நாள் பூசிப் பார்த்த பிறகு பாவியுங்கள்.

உவர்மலை: கச்சான் காற்றடிக்கும் வெயில் காலத்தில் இருண்ட பூ சென்ட் தலையிடி தருது, ஏன்?

சூட்டில் எல்லா மணமும் ஒரேயடியாக எழும்பும். கழுத்தில் அடிக்காமல் சட்டைக்குள் வயிற்றில் ஒரு தரம், வியர்வை துடைத்த பிறகு. வாடைக்காற்றுக்கு மூன்று தரம் அடிக்கலாம். வெள்ளைத் துணியில் மட்டும் வேண்டாம்: இன்டோலும் வனிலினும் (வனிலா மணப்பொருள்) நாளடைவில் பழுப்பாகும், அந்தக் கறை லேசில் போகாது.