ஆபிரகாம் லிங்கன் தன் மகனோட ஆசிரியருக்கு எழுதின கடிதம் உண்மைதானா? அவரு நிஜமா எழுதின கடிதங்கள் எப்படி இருக்கும்?

இல்லைங்க, அது லிங்கன் எழுதினது கிடையாது. தோத்தா ஏத்துக்கக் கத்துக்கொடுங்க, பொறாமைப்படாம இருக்கக் கத்துக்கொடுங்கன்னு வரிசையா போகுமே, ஒவ்வொரு செப்டம்பர் 5க்கும் வாட்ஸப்புல வரும், பள்ளிக்கூட ஆண்டு மலர்லயும் வரும், அந்தக் கடிதத்துக்கு அவர் கையெழுத்துல ஒரு பிரதி இல்ல, தேதி இல்ல, எந்த ஆசிரியருக்கு எழுதினாருன்னு பேரும் இல்ல, அவர் கடிதங்களை ஒண்ணு விடாம தேடித் தொகுத்தவங்க யாரும் அதை சேர்த்துக்கவும் இல்ல.

நான் மாவட்ட கோர்ட்டுல ப்ராக்டீஸ் பண்றேன், லிங்கனோட கடிதங்களை ரொம்ப நாளா ஆசையா படிச்சிட்டு வர்றேன், அதனால ரெண்டாவது கேள்விக்குதான் நிறைய சொல்லணும்னு இருக்கு. முதல்ல படிப்பு சம்பந்தமா அவர் நிஜமா எழுதின ஒண்ணை சொல்லிடறேன். மூத்த பையன் ராபர்ட் 1859ல ஹார்வர்டு நுழைவுத் தேர்வுல ஃபெயில் ஆயிட்டான், நியூ ஹாம்ப்ஷயர்ல எக்ஸிடர்ங்கற ஊர்ல ஒரு வருஷம் படிச்சிட்டு 1860ல திரும்ப எழுதி பாஸ் பண்ணான், ஆனா கூடப் படிச்ச, லிங்கனோட ஊரான ஸ்பிரிங்ஃபீல்டு பையன் ஜார்ஜ் லேதம் தேறல. அப்ப லிங்கன் ஜனாதிபதி வேட்பாளர், நாடே பரபரப்பா இருக்கு, அதுக்கு நடுவுல 1860 ஜூலை 22ல அந்த லேதமுக்கு உக்காந்து கடிதம் எழுதறாரு. நீ தேறலன்னு நேத்து பாப் (ராபர்ட்தான்) எழுதின கடிதத்துல பார்த்தேன், என் வாழ்க்கைல இதைவிட பெரிய வலி எனக்கு அதிகம் வந்ததில்ல, ஆனா மனசு விட்டுடாம இருந்தா இது ஒரு விஷயமே இல்ல, முயற்சின்னு ஒண்ணு ஆரம்பிச்சிட்ட, இனி நீ ஜெயிச்சே ஆகணும், எப்படி உதவறதுன்னு எனக்குத் தெரியல, வயசும் பட்ட அடியும் உள்ளவன் சொல்றேன், தோக்கமாட்டேன்னு உறுதியா இருந்தா உன்னால தோக்க முடியாது, இதுதான் சாராம்சம். தேர்வுல தோத்த ஒரு பையன், அவன் பேரு, அவன் கஷ்டம், அவ்வளவுதான் அதுல இருக்கு. பொத்தாம்பொதுவா உபதேசம் பண்ற பழக்கம் அவருக்கு கிடையாது. ஒருத்தருக்கு ஒரு பிரச்சினை வந்தா அந்தப் பிரச்சினைக்குதான் பதில் எழுதுவாரு, அதுல தொகையும் தேதியும் நிலமும் புத்தகமும் இருக்கும். வக்கீல் புத்தி அது.

அவரோட தொழிலும் சும்மா இல்ல, 1836, 37 வாக்குல ஆரம்பிச்சு ஏறக்குறைய 25 வருஷம், அவரும் அவர் பார்ட்னர்களும் பார்த்த கேஸ் 5000க்கு மேல, அதுல பாதிக்கு மேல கடன் பாக்கி வழக்கு, நம்ம ஊர் மணி சூட், ப்ரோநோட்டு கேஸ் மாதிரிதான். இளம் வக்கீல்களுக்காக அவர் எழுதி வச்ச ஒரு குறிப்புல, உழைப்புதான் முதல் விதி, இன்னைக்கு முடியறதை நாளைக்கு தள்ளாதே, கடிதங்களுக்கு பதில் போடறதை பாக்கி வைக்காதேன்னு இருக்கு. அதே மனுஷன் 1850 ஜூன் 27ல ரிச்சர்ட் தாமஸ்ங்கற ஒரு வக்கீலுக்கு எழுதறாரு, பதில் போட லேட் ஆனதுக்கு வெக்கப்படறேன், ஒண்ணு ஃபெடரல் கோர்ட்டுல வேலை, இன்னொண்ணு உங்க கடிதத்தை என் பழைய தொப்பிக்குள்ள வச்சிருந்தேன், மறுநாள் புது தொப்பி வாங்கிட்டேன், பழசு ஓரமா போயிடுச்சு, கடிதமும் கண்ணுல படாம போச்சுன்னு. அந்த உயரமான தொப்பிதான் அவருக்கு ஃபைல். இந்த வரியைப் படிச்சப்ப எனக்கு அவர் மேல இருந்த மரியாதை கூடிச்சு, ஏன்னா பொய்க் காரணம் சொல்ல எவ்வளவோ வழி இருந்தும் நடந்ததை அப்படியே சொல்லிட்டாரு.

ஃபீஸ் விஷயத்துல ரெண்டு கடிதத்தை சேர்த்துப் படிக்கணும். 1856 பிப்ரவரில குவின்ஸி ஊர்ல ஹோட்டல் நடத்தின ஜார்ஜ் ஃப்ளாய்டுன்னு ஒருத்தருக்கு லீஸ் பத்திரம் எழுதிக் கொடுத்தாரு, அவர் 25 டாலர் அனுப்பினாரு, நான் ரொம்ப காசு வாங்கற ஆளுன்னு நினைச்சிட்டீங்க போல, இந்த வேலைக்கு 15 போதும்னு சொல்லி 10 டாலர் நோட்டை திருப்பி அனுப்பிட்டாரு. இதை மட்டும் சொல்லி அவரை சாமியார் ஆக்கிடுவாங்க. இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வேக்கு மெக்லீன் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வரி போட முடியுமான்னு ஒரு பெரிய வழக்கு வந்துது, 1853 செப்டம்பர்ல பக்கத்து ஷாம்பெய்ன் கவுண்டி கிளார்க்குக்கு எழுதறாரு, ஏற்கெனவே உங்ககிட்ட பேசியிருக்கேன், அதனால முதல் உரிமை உங்களுக்குதான், ஆனா எதிர்தரப்பு கொடுக்கற ஃபீஸுக்கு கிட்டத்தட்டவாவது நீங்க கொடுக்கணும், மாநிலத்துலயே இதைவிட பெரிய சட்டக் கேள்வி இப்ப கிடையாது, ஃபீஸை மொத்தமா விட்டுட என்னால ஆகாதுன்னு. அந்தப் பக்கம் ஒண்ணும் முடிவாகலன்னு ஆனதும் அக்டோபர் 3ல ரயில்வே வக்கீலுக்கு, நான் இப்ப ஃப்ரீ, வேணும்னா என்னையும் சேர்த்துக்கங்கன்னு ஒரு சின்ன கடிதம் போட்டாரு. கேஸை ஜெயிச்சும் கொடுத்தாரு, அப்புறம் அவர் கேட்ட 5000 டாலரை ரயில்வே கொடுக்கலன்னதும் 1857ல அதே ரயில்வே மேல கேஸ் போட்டு வாங்கினாரு, அவர் வாழ்க்கைலயே பெரிய ஃபீஸ் அது. ரெண்டும் ஒரே ஆள்தான், வேலைக்கு என்ன மதிப்போ அதை கேட்டாரு, கூடவும் இல்ல குறையவும் இல்ல, இதுல எனக்கு ஒரு முரணும் தெரியல.

சொந்த விஷயத்தையும் தொழிலையும் தனித்தனி தாள்ல எழுதற ஆளும் இல்ல அவரு. 1842 நவம்பர்ல ஷானிடவுன் வக்கீல் சாமுவேல் மார்ஷலுக்கு ரெண்டு கேஸைப் பத்தி எழுதிட்டு கடைசில, இங்க புதுசா ஒண்ணும் இல்ல, எனக்கு கல்யாணம் ஆனதைத் தவிர, அது எனக்கே பெரிய ஆச்சரியமா இருக்குன்னு முடிக்கறாரு, கல்யாணம் ஆகி ஒரு வாரம்தான் ஆகியிருக்கு. 1848ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல உறுப்பினரா வாஷிங்டன்ல இருந்து மனைவி மேரிக்கு எழுதறாரு, நீ இங்க இருந்தப்ப என் வேலைக்கு இடைஞ்சலா இருக்கன்னு நினைச்சேன், இப்ப வேலையைத் தவிர ஒண்ணும் இல்லாம எல்லாமே சப்புன்னு இருக்கு, இந்த ரூம்ல தனியா உக்கார பிடிக்கலன்னு.

எனக்கு மனசு கனத்துப் போறது மாற்றாந்தாய் மகன் ஜான் ஜான்ஸ்டனுக்கு எழுதினதுங்கதான். 1850 பிப்ரவரி 23 கடிதத்தை பாருங்க. முதல்ல தபால் கான்ட்ராக்ட், உனக்காக 120 டாலருக்கு டெண்டர் போட்டாச்சு, ஜாமீனும் நானே நின்னுட்டேன். அப்புறம் நீ கேட்ட யாரோ ஒருத்தரோட பென்ஷன், விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டினேன், கிடைக்காதுன்னுட்டாங்க. அதுக்கு அப்புறம்தான், நீ ஒண்ணும் கேக்கலியே, அதனால உனக்கு தெரியாதுன்னு நினைக்கறேன், எங்க சின்னப் பையனை இழந்துட்டோம், 52 நாள் படுத்துக் கிடந்தான், மூத்தவன் இல்ல ரெண்டாவது பிள்ளை, அவன் இல்லாதது ரொம்ப கஷ்டமா இருக்குன்னு வருது. அந்தப் பையன் எட்டிக்கு நாலு வயசு கூட முடியல. அடுத்தவன் வேலையை எல்லாம் முடிச்சு பதில் சொல்லிட்டு, கடைசியாதான் தன் பிள்ளை செத்ததை சொல்றாரு.

அந்த ஜான்ஸ்டன் ஒரு தடவை 80 டாலர் கடன் கேட்டான், இவர் நேரா சொன்னாரு, நீ சோம்பேறி இல்ல ஆனா வேலை பாக்காதவன், மே 1 வரைக்கும் கூலிக்கு போ, நீ சம்பாதிக்கற ஒவ்வொரு டாலருக்கும் நான் ஒரு டாலர் தர்றேன், மாசம் 10 வாங்கினா என்கிட்ட 10, மொத்தம் 20, நிலத்தை எழுதித் தர்றேங்கறியே, நிலம் இருக்கறப்பவே பிழைக்க முடியலன்னா நிலம் இல்லாம எப்படி பிழைப்பன்னு. இதே ஜான்ஸ்டன்தான் அப்பா சாகக் கிடக்கறாருன்னு மாத்தி மாத்தி கடிதம் போட்டான். 1851 ஜனவரி 12ல பதில் வந்துது, டாக்டருக்கோ வேற எதுக்கோ என் பேரை சொல்லி வாங்கிக்க, மனைவி பிரசவம் ஆகி படுத்திருக்கா, அப்பாகிட்ட சொல்லு, இப்ப நாங்க பார்த்துக்கிட்டா சந்தோஷத்தைவிட வேதனைதான் அதிகமா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. அஞ்சு நாள்ல அப்பா தாமஸ் லிங்கன் போயிட்டாரு, இவர் சாவுக்கும் போகல. நம்ம குடும்பங்கள்ல இதை மன்னிக்கவே மாட்டாங்க, எனக்கும் முதல்ல படிச்சப்ப கோவம்தான் வந்துது, ஆனா அப்பாவோட அவருக்கு ஒட்டுதல் இல்லைங்கறதை எந்த பூச்சும் இல்லாம அவரே எழுதி வச்சிருக்காரு, அந்த கடிதத்தை மறைக்காம வச்சுதான் அவரை புரிஞ்சுக்கணும்.

அடிமை முறை பத்தி அவர் மனசு எப்படி மாறிச்சுன்னு தெரியணும்னா ரெண்டு கடிதம் இருக்கு, ஒரே காட்சியைப் பத்தினது, 14 வருஷ இடைவெளி. 1841ல நண்பன் ஜோஷுவா ஸ்பீடோட லூயிவில்ல இருந்து படகுல வர்றப்ப, கெண்டக்கில வாங்கின 12 கறுப்பின மனுஷங்களை ஆறு ஆறு பேரா சங்கிலில கட்டி தெற்கே கூட்டிட்டு போறதை பார்க்கறாரு. அந்த செப்டம்பர்ல ஸ்பீடோட சகோதரி மேரிக்கு எழுதறப்ப, தூண்டில் கயித்துல கோத்த மீன் மாதிரி இருந்தாங்க, ஆனா படகுலயே அவங்கதான் ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க, மனுஷன் எதுக்கும் பழகிடறான் பாருங்கன்னு ஏதோ வேடிக்கை பார்த்த மாதிரி எழுதியிருக்காரு. படிக்கவே கஷ்டமா இருக்கும். 1855 ஆகஸ்ட் 24ல அதே ஸ்பீடுக்கு, அடிமைகள் வச்சிருந்த குடும்பத்துல பிறந்தவருக்கு, எழுதறாரு, உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு நல்லா இருக்கு, அந்தப் படகுல இரும்புச் சங்கிலில பத்து பன்னெண்டு பேர், அந்தக் காட்சி என்னை விடாம வதைச்சுது, இப்பவும் ஒஹையோ ஆத்தைத் தொடறப்ப எல்லாம் அந்த மாதிரி ஒண்ணைப் பார்க்கறேன்னு. நெருங்கின நண்பன்கிட்ட முகத்துக்கு நேரா அப்படி சொல்றது மேடைல பேசறதைவிட கஷ்டம்னு நான் நினைக்கறேன்.

கடைசியா 1858 நவம்பர். எதிர்த்து நின்ன ஸ்டீபன் டக்ளஸ்கிட்ட செனட் சீட்டு போயாச்சு. 16ஆம் தேதி கட்சித் தலைவர் நார்மன் ஜட் தேர்தல் கடன் பத்தி கேட்டதுக்கு பதில், ரொம்ப நாளா சம்பாத்தியம் இல்லாம செலவுதான் பண்ணிட்டிருக்கேன், இப்ப வீட்டுச் செலவுக்கே கைல காசு இல்ல, ஆனாலும் என் கணக்குல 250 டாலர் போட்டுக்கங்க, வேட்பாளர்ங்கற கௌரவம் எனக்குதான் கிடைச்சுது, அதனால நான் கணக்கு பாக்கக்கூடாதுன்னுட்டு, நீங்க சோர்ந்து போயிருக்கீங்க, இதுவும் கடந்து போகும்னு அவருக்கே தைரியம் சொல்றாரு. 19ஆம் தேதி நண்பர் டாக்டர் ஹென்றிக்கு, இனி நான் கண்ணுல இருந்து மறைஞ்சு மறந்து போயிடுவேன், ஆனா நான் போன பிறகும் மனுஷ விடுதலைக்கு உதவற சில தடங்களை பதிச்சிருக்கேன்னு நம்பறேன்னு. அதே மாசம் செயின்ட் லூயிஸ் வியாபாரிங்க சாமுவேல் டேவிஸ் கம்பெனி, எங்க வசூல் கேஸுங்களை கவனிக்கலன்னு புகார் எழுதறாங்க, இவர் முடிவா சொல்லிட்டாரு, இந்த மாதிரி வேலையே இனி எனக்கு வேண்டாம், கோர்ட்டுல கேஸ் நடத்த முடியும், டிக்ரியை, அதாவது தீர்ப்பாணையை, தூக்கிட்டு ஊர் ஊரா அலைய என்னால முடியாது. டிக்ரியை நிறைவேத்தச் சொல்லி மனு (ஈபி) போட்டு கடன்காரன் சொத்தைத் தேடி அலைஞ்ச எந்த வக்கீலுக்கும் இந்த வரி உள்ள போய் தைக்கும். மூணையும் எழுதினவர் ரெண்டு வருஷத்துல ஜனாதிபதி.

படிக்கணும்னா, அவர் எழுதினது எல்லாம் தேதிவாரியா மிச்சிகன் பல்கலைக்கழகத் தளத்துல இலவசமா இருக்கு. அவருக்கு வந்த கடிதங்களும் அவர் வச்சிருந்த வரைவுகளும் அமெரிக்க காங்கிரஸ் நூலகத் தளத்துல இருக்கு, ராபர்ட் கொடுத்தது, தான் செத்து 21 வருஷம் ஆகற வரைக்கும் திறக்கக்கூடாதுன்னு நிபந்தனை போட்டிருந்தாரு, அதனால 1947 ஜூலை 26லதான் திறந்தாங்க. இங்கிலீஷ் பழசா இருக்கும், ஆனா வாக்கியம் சின்னச் சின்னதா தெளிவா இருக்கும், பயப்பட வேண்டாம், ஜான்ஸ்டன் கடிதங்கள்ல இருந்து ஆரம்பிங்க.