பல் கிளினிக் உதவியாளர் கோர்ஸ்: காசு கட்ட முன் கதிரையைப் பாருங்கள்

முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தேன். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியில்லை. வவுனியாவில் ஒரு தனியார் நிறுவனம் ஆறு மாதத்தில் பல் மருத்துவ உதவியாளர் டிப்ளோமா தருகிறதாம். கட்டணம் 120,000 ரூபா. மாதக் கடைசிக்குள் 25,000 கட்டினால்தான் இடம் என்று, ஊரில் ஆள் சேர்க்கிற அண்ணா சொல்கிறார். முடித்தால் அரச ஆஸ்பத்திரியில் வேலை, இல்லையென்றால் கனடாவாம். கணிதமும் விஞ்ஞானமும் இல்லாத நான் சேரலாமா?”

சேரலாம் தங்கச்சி. தனியார் கிளினிக்கில் பல் வைத்தியருக்குப் பக்கத்தில் நிற்கிற வேலைக்கு உயிரியலும் வேண்டாம், கணிதச் சித்தியும் வேண்டாம். பல் வைத்தியராகிய நான் ஆள் எடுக்கும்போது பார்ப்பதெல்லாம் சாதாரண தரம் வரை படித்திருக்கிறாரா, மருந்துப் பெட்டியில் இருக்கிற ஆங்கிலப் பெயரை வாசிப்பாரா, இரத்தத்தைக் கண்டு மயங்கி விழாமல் இருப்பாரா என்பதைத்தான். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது கணிதம் அல்ல, அந்த அண்ணா.

அவர் மூன்று வேறு வேலைகளை ஒரே பொதியில் கட்டி விற்கிறார். அரச ஆஸ்பத்திரி வேலையை எடுப்போம். அங்கே தனியார் டிப்ளோமாவைப் பார்த்து யாரையும் எடுப்பதில்லை. வர்த்தமானியிலோ அமைச்சின் அறிவித்தலிலோ விண்ணப்பம் கோருவார்கள், அதில் போட்டிருக்கிற தகைமைதான் தகைமை. பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பல் அடைத்து, பாற்பல் பிடுங்குகிற பாடசாலைப் பற்சிகிச்சையாளரைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு பதவி. அதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும், பயிற்சி மகரகமவில். வன்னிப் பிள்ளைகளின் பல் வன்னியிலேயே பழுதாகிறது, அதைப் பார்க்கப் படிக்க மட்டும் கொழும்புப் பக்கம் போக வேண்டும். இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் குறிப்பெடுத்துக்கொண்டு தேத்தண்ணி தருகிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாகனம், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் எல்லாம் படிப்பிக்கிறார்கள், நல்ல விஷயம். பல் பக்கம் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்த விளம்பரப் பலகைகள் முளைக்கின்றன.

சரி, நிறுவனத்துக்கு வருவோம். தொழிற்பயிற்சி நடத்துகிற எவரும் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அது. அந்தப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு வாசலில் மாட்டியிருப்பார்கள், பார்த்தவுடன் பெற்றோருக்கு நம்பிக்கை வந்துவிடும். இங்கேதான் பொறி. நிறுவனம் பதிந்திருப்பது வேறு, நீங்கள் படிக்கப்போகிற கோர்ஸ் அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. கணினி வகுப்புக்கு அங்கீகாரம் வாங்கிவிட்டு, அதே கடிதத்தைக் காட்டிப் பல் கோர்ஸுக்கும் ஆள் சேர்க்கலாம். ஆகவே “அங்கீகாரம் இருக்கிறதா” என்று கேட்காதீர்கள், எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். “இந்தக் கோர்ஸ் என்.வி.கியூ. எத்தனையாம் நிலை, கடிதத்தைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். என்.வி.கியூ. என்பது தேசிய தொழிற்தகைமை முறை. அதில் ஒன்று தொடங்கி நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும்தான் டிப்ளோமா. ஆறு மாதத்தில் டிப்ளோமா என்று ஒருவர் சொன்னால் அந்தப் பெயரை அவரே சூட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பிரதேச செயலகத்தில் இருக்கிற மனிதவள உத்தியோகத்தரிடம் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்து விசாரிக்கலாம். அவர் “இணையத்தில் பாருங்கள்” என்று கையைக் காட்டினால், அங்கேயே இருந்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

கடிதம் சரியாக இருந்தாலும் காசை எடுக்காதீர்கள். பல் கதிரையைக் காட்டச் சொல்லுங்கள். வகுப்பறையில் புரொஜெக்டரில் பல்லின் படம் காட்டுவதற்கு 120,000 ரூபா தேவையில்லை. நிறுவனத்தில் கதிரை இல்லையென்றால், எந்தக் கிளினிக்கில் எத்தனை மணித்தியாலம் நிற்க விடுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கிளினிக் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனமாகப் பதிந்ததா, வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்பதும் முக்கியம். பல்லுக் கட்டுகிற ‘டொக்டர்’ எல்லாரும் டொக்டர் இல்லை என்று நம் ஊரில் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் இந்த வேலை முழுக்கக் கையில் இருக்கிறது. பல் அடைக்கிற வெள்ளைச் சீமெந்துத் தூள் ஒரு கரண்டி, திரவம் ஒரு துளி. கடதாசிப் பட்டையில் பிளாஸ்ரிக் கரண்டியால் கலக்க அரை நிமிடம்தான் இருக்கும். நீர்த்துவிட்டால் பல்லில் நிற்காது, இறுகிவிட்டால் வைத்தியர் உங்களைப் பார்க்கிற பார்வை வேறு. உறிஞ்சு குழாயைக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் நாக்கு இழுபடாமல் பிடிக்க வேண்டும், கொஞ்சம் உள்ளே போனாலும் நோயாளி ஓங்காளிப்பார். கருவிகளைக் கழுவிப் பையில் இட்டு, நீராவியால் கிருமி கொல்லுகிற ஓட்டோகிளேவில் வைத்தால் 121 பாகையில் 15 நிமிடம், 134 பாகையில் 3 நிமிடம். வெளியில் எடுக்கும்போது பையின் கோடு நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்காமல் மேசையில் வைக்கக் கூடாது. இதையெல்லாம் நோட்ஸ் எழுதிப் படித்த பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். முதல் நாள் எதை எந்தக் கையில் பிடிப்பதென்றே தெரியவில்லை.

அதனால் உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, அதை யாரும் விளம்பரம் போடமாட்டார்கள், ஏனென்றால் அதில் தரகருக்கு ஒன்றும் கிடைக்காது. பதிவுள்ள ஒரு கிளினிக்கில் பயிற்சியாளராகச் சேர்ந்து சம்பளத்தோடு பழகலாம். பழகிய பிறகு, முன் கற்றலை அங்கீகரித்தல் என்ற முறை இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், வேலையில் கற்றதை மதிப்பீட்டாளர் முன்னால் செய்துகாட்டி என்.வி.கியூ. பெறுகிற வழி. தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும், நைற்றா என்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிலும் விசாரிக்க வேண்டும். விண்ணப்பிக்கப் போகிற நேரம் உங்கள் வேலைக்கான தகுதித் தரத்துக்கு மதிப்பீடு நடக்கிறதா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். ஆனால் அந்த நாளுக்காக இன்றைக்கே ஆதாரம் சேர்க்க வேண்டும். என்ன செய்தேன் என்று நாளாந்தம் ஒரு கொப்பியில் எழுதி, வாரம் ஒரு முறை வைத்தியரின் கையெழுத்து வாங்குங்கள். அவருடைய பதிவிலக்கத்தோடு நியமனக் கடிதம் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஊழியர் சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். அது கட்டப்படாத கிளினிக்கில் ஐந்து வருஷம் நின்றாலும், கடதாசியில் நீங்கள் ஒரு நாளும் வேலை செய்யவில்லை. “சின்ன இடம், அதெல்லாம் கட்டுறதில்லை பிள்ளை” என்பார்கள். ஒரு ஆள் வேலை செய்தாலும் கட்டத்தான் வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள், என் சக வைத்தியர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கனடா பற்றிச் சுருக்கமாக. அங்கே மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு. அல்பேர்ட்டாவில் பதிவில்லாமல் இந்த வேலை செய்ய முடியாது. ஒன்ராறியோவில் பதிவுக் கட்டாயம் இல்லை, அதைத்தான் தரகர்கள் பெரிதாகச் சொல்வார்கள். வேலைக்குப் பதிவு வேண்டாம் என்பது விசா தருவார்கள் என்று ஆகாது. இங்கிலாந்தில் பொதுப் பல் மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும், அல்லது அங்கே பயிற்சியில் இருக்க வேண்டும். எந்த நாட்டுப் பேச்சு வந்தாலும் முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். கோர்ஸும் விசாவும் ஒரே ஆள் தருகிறார் என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

முற்பணம்? கதிரையையும் கோர்ஸின் கடிதத்தையும் பார்த்த பிறகு, நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்கில், ரசீதோடு. அந்த அண்ணாவின் கையில் ஒரு ரூபாவும் வேண்டாம். மாதக் கடைசியில் இடம் முடிந்துவிடும் என்பதெல்லாம் அடுத்த மாதமும் சொல்வார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. ஊசி குத்துகிற ஆபத்து இந்த வேலையில் தினமும் உண்டு, அதனால் ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி இல்லாமல் கிளினிக்குக்குள் போகாதீர்கள். மூன்று ஊசி: முதலாவது, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதத்தில் கடைசி. கோர்ஸ் தொடங்கிய பிறகு யோசித்தால் கோர்ஸ் முடியும்போதுதான் ஊசியும் முடியும். 2003க்குப் பிறகு குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது படிப்படியாகச் சேர்ந்தது, உங்களுக்கும் போட்டிருக்கலாம். பிள்ளை வளர்ச்சி அட்டையில் இருக்கும். அட்டை 2009 இடம்பெயர்வில் போய்விட்டது என்றால், எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கலாம். அதற்கு வசதியில்லாவிட்டால் வைத்தியரிடம் சொல்லி மூன்றையும் திரும்பப் போடுங்கள், இரண்டாம் முறை போட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை.