திருகில்லாக் கத்தரி: காந்தத்திடம் எந்த வேலையைக் கொடுக்கலாம்?

கேள்வி: சலூனில் பயன்படுத்த, இரண்டு பாதிகளும் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் முடிவெட்டும் கத்தரி ஒன்றை வடிவமைக்கிறேன். நடுவில் திருகு இருக்காது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்குப் பிறகும் இரண்டாகப் பிரித்துக் கழுவலாம். ஒரு பாதியை மட்டும் மாற்றித் தின்னிங் கத்தரியாகவும் (முடியின் அடர்த்தியைக் குறைக்கும் பல்லுள்ள கத்தரி) ஆக்கிக்கொள்ளலாம். எந்தக் காந்தம், என்ன அளவு, எங்கே பதிக்க வேண்டும்?

பதில்: பிரித்துக் கழுவும் யோசனை நல்லது. முடித்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் சேர்ந்து துரு தொடங்குவது பெரும்பாலும் திருகைச் சுற்றித்தான். துடைக்கும் துணி அங்கே போவதில்லை. ஆனால் திருகு செய்யும் வேலை முழுவதையும் காந்தத்திடம் ஒப்படைத்தால் கத்தரி வெட்டாது, முடியை மடிக்கும். காந்தத்தின் அளவைக் கூட்டித் தீர்க்கக்கூடிய பிரச்சினை இல்லை இது. முதலில் காரணத்தைப் பார்த்துவிடுவோம்.

முடிவெட்டும் கத்தரியின் அலகுகள் தட்டையானவை அல்ல. உட்பக்கம் குழிவாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கும். நீளவாக்கில் லேசான வளைவும் உண்டு. மூடும்போது இரண்டு அலகுகளும் தொடுவது இரண்டே இடங்களில்: பிவட்டுக்கு (அலகுகள் சுழலும் மையம்) பின்னால் உள்ள உரசு முகம், வெட்டு நடக்கும் அந்த ஒரு புள்ளி. வளைவு அலகுகளை எப்போதும் விலக்கப் பார்க்கும். திருகு அவற்றை இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறியால்தான் வெட்டும் புள்ளி பிவட்டிலிருந்து நுனிவரை இடைவெளி இல்லாமல் நகர்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மி.மீ. வரை. அலகுகளுக்கிடையே அந்த அளவு இடைவெளி விழுந்தாலே முடி வெட்டுப்படாமல் இடுக்கில் மடிந்து நுழைந்துவிடும். வாடிக்கையாளர் ‘ஆ’ என்பார்.

இப்போது கணக்கு. 6 அங்குலக் கத்தரியில் பிவட்டிலிருந்து கட்டைவிரல் வளையம்வரை சுமார் 70 மி.மீ. வேகமாக வெட்டும்போது கட்டைவிரல் பக்கவாட்டில் அரை கிலோ அழுத்தம் கொடுப்பது சாதாரணம். பிவட் பகுதியின் அகலம் 12 மி.மீ. என்றால் நடுவிலிருந்து விளிம்புவரை 6 மி.மீ. 70 மி.மீ. நெம்புகோலில் வரும் அரை கிலோவை 6 மி.மீ. தூரத்திலிருந்து எதிர்க்க வேண்டுமானால் ஏறக்குறைய 5.8 கிலோ இழுவிசை தேவை. அலகின் தடிமனோ அந்த இடத்தில் 3 முதல் 4 மி.மீ.தான். அதில் பதிக்கக்கூடியது 8 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் வட்டு. தடித்த, வழவழப்பான இரும்பில் நேரடியாக ஒட்டினால் அது தரும் பிடி ஒரு கிலோ சுற்றுதான். வேண்டியதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் தேறும்.

அளவைவிடப் பெரிய சிக்கல் காந்தவிசையின் குணத்தில் இருக்கிறது. திருகை இழுக்க இழுக்க அதன் எதிர்ப்பு கூடும். காந்தத்தில் நேர் எதிர்: இடைவெளி விழ விழ விசை சரியும். குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறக்கும்போது முதல் இழுப்பு கடினமாகவும் பிறகு ஒன்றுமே இல்லாதது போலவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கத்தரியில் அந்த ‘பிறகு’ ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கில் தொடங்கிவிடுகிறது. அடர்த்தியான முடிக்கற்றையில், அலகுகள் ஒன்றையொன்று அதிகமாக அழுத்த வேண்டிய அதே கணத்தில், காந்தம் கையை விட்டுவிடும்.

ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுங்கள். வெட்டும் விசையை இரும்புப் பூட்டு தாங்கட்டும். பிரிக்கும்போதும் சேர்க்கும்போதும் பாதிகள் கைநழுவி ஒன்றின் கூர்முனை மற்றதில் மோதாமல் பிடித்து வைப்பதும், பூட்டின் ஊசியைத் துளைக்குள் தானாக உட்கார வைப்பதும் காந்தத்தின் வேலை. ஒரு பாதியின் எடை 30 கிராம் அளவுதான். 300 கிராம் பிடி இருந்தாலே தாராளம்.

பூட்டு எப்படி அமைய வேண்டும்

பிரித்துக் கழுவும் சமையலறைக் கத்தரிகளில் உள்ள சாவித்துளைப் பூட்டுதான் அடிப்படை, ஆனால் இன்னும் துல்லியமாக வேண்டும். விரல் பக்கப் பாதியில் 5 மி.மீ. தண்டுள்ள ஊசி. அதன் தலையில் எதிரெதிரே இரண்டு காதுகள். காது நுனிக்கு நுனி 8 மி.மீ., ஒவ்வொரு காதின் அகலம் 3 மி.மீ., தடிமன் 1 மி.மீ. கட்டைவிரல் பக்கப் பாதியில் 5 மி.மீ. வட்டத்துளை, அதன் இருபுறமும் காது நுழைய 3.2 மி.மீ. அகல வெட்டு. துளைக்கு எச்7, தண்டுக்கு ஜி6 என்ற பொருத்தம் (பட்டறைக்காரர்கள் அறிந்த துல்லியக் குறியீடுகள்) வைத்தால் ஆட்டம் 0.004 முதல் 0.024 மி.மீ.க்குள் அடங்கும், முடியின் தடிமனைவிட இது நன்றாகவே குறைவு.

எந்தக் கோணத்தில் பிரிய வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குவார்கள். பார்ப்பதற்கு 90 பாகை இயல்பாகத் தோன்றும், ஆனால் கூடாது. 8 மி.மீ. தலையில் 3 மி.மீ. காது சுமார் 44 பாகை இடத்தை அடைக்கிறது. வெட்டு காதைவிடச் சற்று அகலம் என்பதால், பிரியும் இடத்திலிருந்து ஏறக்குறைய 47 பாகை திரும்பிய பிறகே காது முழுவதும் கெட்டியான இரும்பின் மேல் உட்காரும். 90 பாகையில் பிரியும்படி வைத்தால் 43 பாகைக்கு மேல் திறக்கும்போதெல்லாம் காது பாதி அந்தரத்தில் தொங்கும்; ஸ்லைட் கட்டிங் (திறந்த கத்தரியை முடியில் வழுக்கவிட்டு வெட்டுவது) செய்கிறவர் கையில் கத்தரி ஆடும். பிரியும் கோணத்தை 125 பாகைக்குத் தள்ளினால் மூடிய நிலையிலிருந்து 78 பாகைவரை முழுப் பிடிப்பு கிடைக்கும். வேலை செய்யும்போது யாரும் 70 பாகையைத் தாண்டித் திறப்பதில்லை. 125-க்கு மேலும் தள்ளிப் பயனில்லை: மறுபக்க வெட்டு மூடிய நிலையை நெருங்கிவந்து அங்கே பிடிப்பைக் கெடுக்கும்.

காதின் அடிப்பகுதியில், பிரியும் ஓரத்தில் மட்டும் 0.15 மி.மீ. சாய்வு கொடுங்கள். பூட்டும்போது காது தானாக ஏறி இறுகும். வேலைக்கோண எல்லைக்குள் சாய்வு இருக்கக் கூடாது. இருந்தால் கத்தரி திறக்கத் திறக்கத் தளரும்.

டென்ஷனை, அதாவது அலகுகளின் இறுக்கத்தை, சரிசெய்ய வழி வேண்டும் அல்லவா? ஊசியின் மறுமுனையில் எம்4 (4 மி.மீ. விட்டம்), 0.5 மி.மீ. புரி, அதில் ஒரு நட்டு, நட்டுக்கு அடியில் அலை வாஷர். நட்டு மட்டும் சுழல வேண்டும். தண்டில் இரண்டு தட்டைமுகம் வைத்து அதைச் சுழலாமல் தடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டென்ஷன் மாற்றும்போதெல்லாம் காதுகளின் திசை மாறி, பிரியும் கோணமும் நகர்ந்துவிடும். நட்டுக்கு 24 கிளிக் வைத்தால் ஒரு கிளிக்குக்கு 0.02 மி.மீ.; கைக்கு அது நன்றாகவே தெரியும்.

காந்தம்

பிவட் பகுதியை 17 மி.மீ. வட்டமாக அகலப்படுத்துங்கள். (அப்படி அகலப்படுத்தினாலும் காந்தம் தனியாகத் தாங்க நான்கு கிலோவுக்கு மேல் வேண்டும் என்பதால் முன்பு சொன்னது மாறாது.) நடுவிலிருந்து 6 மி.மீ. தூரத்தில், 120 பாகை இடைவெளியில், 3 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. தடிமனும் கொண்ட மூன்று வட்டுகள். ஒரே பாதியில் பதித்தால் போதும். எதிரே காந்தம் வேண்டாம், அலகின் இரும்பே போதும். 440சி போன்ற கத்தரி எஃகுகள் காந்தத்தால் ஈர்க்கப்படுபவை. காந்தத்துக்கு எதிரே காந்தம் வைத்தால் திரும்பும்போது ஒவ்வொரு இடத்திலும் ‘டக் டக்’ என்று பிடித்து விடும் உணர்வு வரும். வெட்டுகிறவர் கைக்கு அது எரிச்சல். இதே காரணத்துக்காகத்தான் காந்தங்களைப் பிவட்டுக்குப் பின்னால் கைப்பிடிக் கம்பியில் பதிக்கக் கூடாது என்கிறோம். அங்கே வைத்தால் கத்தரி திறக்கும்போது எதிர் இரும்பின் விளிம்பைத் தாண்டிப் போய்விடும்: விளிம்பைத் தாண்டும்போது ஒரு உதறல், பிடி தேவைப்படும் 125 பாகையில் பிடியே இல்லை.

காந்தத்தை எஃகுக் குழிக்குள் நேரடியாக இறுக்கிப் பதித்தால் காந்தப் புலம் பக்கத்து இரும்பு வழியாகவே சுற்றித் திரும்பி வீணாகும். குழியைக் கால் மி.மீ. பெரிதாக்கி, சுற்றிலும் பித்தளை உறையோ எபாக்சியோ இருக்கட்டும். காந்த முகம் உரசு முகத்தைவிட 0.1 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். நியோடிமியம் பீங்கானைப் போல உடையக்கூடியது. உரசினால் நிக்கல் பூச்சு போய், பிறகு ஈரம் பட்டுத் தூளாகும். ஒட்டுவதற்குச் சாதாரண உடனடிப் பசை வேண்டாம். இரண்டு பாக எபாக்சி, 24 மணி நேரம் காய விட்டு, முகத்தின் மேலும் மெல்லிய படலம் ஒன்று இருக்கட்டும்.

தரம் முக்கியம். பின்னெழுத்து இல்லாத என்42 வகை நியோடிமியம் தாங்குவது 80 பாகை செல்சியஸ்வரைதான். எச் வகை 120. நீங்கள் ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) பயன்படுத்தினால் அது 121 அல்லது 134 பாகையில் ஓடும். மெல்லிய வட்டுகள் தடித்தவற்றைவிடச் சீக்கிரம் வலுவிழக்கும் என்பதால் விளிம்பில் விளையாடாமல் 150 பாகை தாங்கும் எஸ்எச் வகையைக் கேட்டு வாங்குங்கள். சமாரியம் கோபால்ட் இன்னும் அதிகச் சூடு தாங்கும், எளிதில் துருவும் ஏறாது, விலை கூடும். எதை வைத்தாலும் பிளீச்சிங் கரைசலில் ஊறப்போடாதீர்கள். குளோரின் எஃகையே குழி விழச் செய்யும்.

குழிகளையும் துளையையும் எஃகைக் கடினப்படுத்துவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 58-60 வந்த பிறகு டிரில் ஏறாது. துளையின் கடைசி அளவை வயர்கட்டில் (கம்பியின் மின்பொறியால் அறுக்கும் இயந்திரம்) எடுக்கலாம். காந்தம் கடைசி வேலை, ஏனென்றால் கடினப்படுத்தும் உலை 1000 பாகையைத் தாண்டும்.

ஒரு பாதியை மாற்றித் தின்னிங் ஆக்குவது

முடியும், ஆனால் நினைப்பதைவிடச் சிரமம். நல்ல கத்தரியின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று கையால் பொருத்தப்பட்டவை. ஊசி உள்ள விரல் பக்கத்தைப் பொதுவாக வைத்து, கட்டைவிரல் பக்கத்தில் சாதா அலகு ஒன்று, பல்லுள்ள அலகு ஒன்று எனச் செய்யலாம். இரண்டுக்கும் பிவட் தடிமனில் 0.01 மி.மீ. வேறுபாடு இருந்தாலே டென்ஷன் மாறும். ஆகவே காது உட்காரும் இடத்தில் ஒவ்வொரு அலகுக்கும் தனித்தனி ஷிம் வாஷர் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வைத்துச் சமன் செய்ய வேண்டும். பொது அலகு இரண்டு வேலையும் செய்வதால் முதலில் மழுங்குவதும் அதுதான். அதை மட்டும் தனியாகச் சாணைக்கு அனுப்பினால் மூன்றும் பொருத்தம் இழக்கும். மூன்றையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். எங்களைக் கேட்டால் முதல் மாதிரியில் இந்த ஆசையை ஒதுக்கி வைக்கலாம்.

சோதனை

பழைய கத்தரி ஒன்றில் திருகைக் கழற்றி, பூட்டூசியை மட்டும் செய்து போட்டுப் பாருங்கள். ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு 90 பாகைக்குத் திறந்து மறுபாதியை விடுங்கள்: மூன்றில் ஒரு பங்கு திறந்திருக்கும் நிலையில் தானாக நின்றால் டென்ஷன் சரி, முழுவதும் மூடிக்கொண்டால் தளர்வு. அடுத்து, கட்டைவிரல் வளையத்தில் ஸ்பிரிங் தராசை மாட்டிப் பக்கவாட்டில் ஒரு கிலோ இழுங்கள். பிவட்டில் 0.03 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையக் கூடாது. கடைசியாக, நனைத்த ஒற்றை அடுக்கு டிஷ்யூ காகிதத்தை நுனிவரை வெட்டுங்கள். எந்த இடத்தில் காகிதம் மடிகிறதோ அங்கே அலகுகள் விலகுகின்றன.

காந்தம் உள்ள கத்தரிக்கு வரும் தொல்லை ஹேர்பின்னும் சாணைத்தூளும். முடி ஒட்டாது, இரும்புத்தூள் ஒட்டும். உரசு முகத்தில் சிக்கினால் கீறும். பிரித்ததும் ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள், துணியால் தேய்க்காதீர்கள்.

காதருகே கத்தரி போகும் என்பதால் இன்னொன்றை அலட்சியப்படுத்த முடியாது. காக்ளியர் கருவி பொருத்தியவர்களுக்குக் காதின் பின்னால் தோலுக்கு அடியில் காந்தம் இருக்கும். மூளைநீர் வடிய வைக்கும் ஷன்ட் கருவிகளில் சில வகைகளின் அளவையே வெளிக்காந்தத்தால் மாற்றுவார்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குக் காந்தங்களைக் குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். 3 மி.மீ. வட்டுகளின் வீச்சு சிறியதுதான். இருந்தாலும் அட்டைப்பெட்டியில் எச்சரிக்கை அச்சிட்டு, இவர்களுக்குச் சாதாரணக் கத்தரியையே எடுக்கச் சொல்லுங்கள். கழன்று விழும் காந்தத்தைக் குழந்தைகள் விழுங்கும் ஆபத்தும் உண்டு; எபாக்சிப் படலம் வேண்டும் என்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாதிரியை வெளியே காட்டுவதற்கு முன் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடுதளத்தில் பிரியும் கத்தரிகளைத் தேடுங்கள். பிரியும் பிவட், காந்தம் இரண்டும் தனித்தனியாகப் புதியவை அல்ல. 125 பாகைப் பூட்டும் காந்த வளையமும் சேரும் விதத்தில்தான் உங்கள் உரிமைகோரல் நிற்க முடியும். தற்காலிக விண்ணப்பம் போட்டால் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய 12 மாதம் கிடைக்கும். டிஷ்யூ சோதனையில் தேறிய மாதிரி கையில் வந்தவுடன் அதைப் போட்டுவிடுங்கள். வீடியோ எடுத்து வெளியிடுவது அதற்குப் பிறகு.