நான்கு நிமிடத்தில் வரும் பேருந்து – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொதுப் போக்குவரத்தைப் பாராட்டி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இப்படி எழுதுகிறவர்கள் யாராவது அலுவலக நேரத்தில் பேருந்துக்கு நின்றிருக்கிறார்களா? செயலியில் ‘4 நிமிடம்’ என்று காட்டும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் அதே 4 நிமிடம்தான். அப்புறம் இரண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், இரண்டாவது காலியாக. எனக்கு அலுத்துவிட்டது. மின்சார கார் வாங்கலாம் என்றிருக்கிறேன். புகை கிடையாது, யாருக்கும் தொந்தரவு இல்லை. இதில் என்ன தவறு? வாங்கினால் பெரிய தொடுதிரை உள்ளதை வாங்குவதா, பொத்தான்கள் உள்ளதையா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

தவறு ஒன்றும் இல்லை, வாங்குங்கள். பேருந்தில் போகிறவர் உத்தமர், கார் வைத்திருப்பவர் சுயநலக்காரர் என்கிற பேச்சை நான் மதிப்பதில்லை. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே எது ஒத்துவருகிறதோ அதில்தான் எல்லோரும் போகிறார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் அந்தக் காலி வண்டியைச் சும்மா விட எனக்கு மனமில்லை.

அது ஏன் காலியாக வருகிறது? முன்னால் போகும் வண்டி எங்கோ நெரிசலில் இரண்டு நிமிடம் தாமதப்படுகிறது. அடுத்த நிறுத்தத்தில் அந்த இரண்டு நிமிடத்தில் வந்தவர்களும் சேர்ந்து நிற்கிறார்கள். அத்தனை பேரும் ஏறி முடிக்க நேரமாகிறது. அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம், இன்னும் தாமதம். பின்னால் வருகிற வண்டிக்கு ஏற்றிக்கொள்ள ஆளில்லை. மளமளவென்று வந்து முன்வண்டியின் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. ஓட்டுநர்களைத் திட்டிப் பயனில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு ஆறு வண்டிகள் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் சீராக வந்தால் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்போம். அதே ஆறும் இரண்டிரண்டாகச் சேர்ந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும். நிர்வாகத்தின் கோப்பில் மணிக்கு ஆறு வண்டி ஓடியாகிவிட்டது, குறை சொல்ல முடியாது! பாதி வண்டிகள் காலியாக ஓடினாலும் பயணிகளில் பெரும்பாலோர் நசுங்குவது முதல் வண்டியில்தான். ‘எப்போது பார்த்தாலும் கூட்டம்’ என்று அவர்கள் சொல்வதும் நிஜம்தான்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. பிரேசிலின் குரிச்சிபா நகரில் 1974இலேயே பேருந்துக்குத் தனித் தடம் போட்டுவிட்டார்கள். 1991இல் குழாய் வடிவ நிறுத்தங்கள் வந்தன. உள்ளே நுழையும்போதே கட்டணத்தைக் கட்டிவிடலாம், படியேறாமல் வண்டிக்குள் நடந்து போகலாம். வண்டி நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தைக் குறைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

செயலி விஷயம் சின்னது. வண்டி எங்கே என்று தெரியாதபோது அட்டவணை நேரத்தை எடுத்துக் காட்டிவிடும் செயலிகள் உண்டு. சரியான தகவல் என்றால் வீட்டிலேயே இருந்துவிட்டுக் கிளம்பலாம். தப்பான தகவலுக்குச் செயலியே இல்லாமல் இருப்பது மேல்.

கார் வாங்குகிறவர் முக்கியமாக வாங்குவது நினைத்த நேரத்தில் கிளம்பும் வசதியை. அதனால்தான் கட்டணத்தைக் குறைத்தால் எல்லோரும் பேருந்துக்கு வந்துவிடுவார்கள் என்பது நடப்பதில்லை. லக்சம்பர்க்கில் 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்கப் பேருந்து, டிராம், ரயில் எல்லாம் இலவசம் (முதல் வகுப்பு மட்டும் விலக்கு). இன்றும் அங்கே கார்களுக்குக் குறைவில்லை. ஸ்டாக்ஹோமில் 2005இல் முதலில் பேருந்துகளைக் கூட்டினார்கள். சாலையில் கார்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. 2006 ஜனவரியில் நகரத்துக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் வைத்தபிறகுதான் போக்குவரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் போதாது போலிருக்கிறது.

‘யாருக்கும் தொந்தரவு இல்லை’ என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். புகை இல்லை, சரி. இடம்? நெரிசலில் 12 மீட்டர் பேருந்து நிற்கிற இடத்தில் இரண்டு கார்கள்தான் நிற்கும், அது மின்சாரமானாலும் பெட்ரோலானாலும். பேருந்தில் நாற்பது பேர், கார்களில் பெரும்பாலும் காருக்கு ஒருவர். முன்வண்டி தாமதமானதே அந்த நெரிசலில்தானே? இன்னொன்று, தினம் 72 நிமிடம் ஓட்டினால்கூட மீதி 95 சதவீத நேரம் கார் சும்மா எங்கேயோ நிற்கும். அந்த இடத்துக்கான செலவை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் சண்டையெல்லாம். ஆகவே வாங்குங்கள், ஆனால் உங்கள் சாலையில் ஒரு தடத்தைப் பேருந்துக்கு ஒதுக்கப்போகிறோம் என்று யாராவது வந்தால் எதிர்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தொடுதிரை: வேண்டாம் என்பேன். வரைபடம் பார்க்கத் திரை நல்லது. வைப்பரின் வேகத்தைக் கூட்ட மூன்று பக்கம் தள்ளிப் போக வேண்டியிருந்தால் அது ஆபத்து, மழையில் கண் சாலையில் இருக்க வேண்டிய நேரம் அது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப், 2026 விதிகளில் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தானோ லிவரோ இருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஷோரூமில் விற்பனையாளர் திரையின் அங்குலத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டே ஏசியைக் குறைத்துப் பாருங்கள். கை தடவித் தேடினால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.