வியாழன் ஏன் சூரியனாகவில்லை?

கேள்வி: சூரியனிலும் ஹைட்ரஜன், ஹீலியம், வியாழனிலும் அவைதான். பிறகு ஏன் வியாழன் எரியவில்லை? வெறும் வாயுதானே, விண்கலம் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வர முடியாதா?
– சாட்ஸ்வர்த் வாசகர், டர்பன்

பதில்: சூரியனும் எரியவில்லை, அன்பரே. அங்கே நடப்பது அணுக்கரு இணைவு: ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஹீலியமாகின்றன. சூரியனின் மையத்தில் 1.5 கோடி டிகிரி வெப்பம். வியாழனின் மையத்தில் 20,000 டிகிரி அளவுதான். சரக்கில் குறையில்லை, எடையில்தான் குறை. ஹைட்ரஜன் இணைந்துகொண்டே இருக்க வியாழனைப் போல ஏறக்குறைய 80 மடங்கு நிறை வேண்டும். 'இன்னும் கொஞ்சம் பெருத்திருந்தால் அதுவும் சூரியன்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த 80-ஐ வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சரக்கும் அச்சு அசலாக ஒன்றல்ல. 1995 டிசம்பர் 7 அன்று நாசாவின் கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக்கருவி வியாழனுக்குள் பாராசூட்டில் இறங்கியது. அது அளந்தபடி, கார்பன், ஆர்கான் போன்றவை சூரியனில் உள்ள விகிதத்தைப் போல சுமார் மூன்று மடங்கு. நியானோ பத்தில் ஒரு பங்கு. ஆழத்தில் ஹீலியம் துளித்துளியாகப் பிரிந்து விழுகிறது, நியானையும் கரைத்து இழுத்துக்கொண்டு போகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். தண்ணீர் கணக்கு மட்டும் சொதப்பியது: கருவி விழுந்த இடம் வறண்ட பகுதி.

அந்தக் கருவியும் 58 நிமிடம்தான் பேசியது. சுமார் 150 கி.மீ. இறங்குவதற்குள் பூமியில் உள்ளதைப் போல 22 மடங்கு காற்றழுத்தம், 150 டிகிரிச் சூடு. மின்னணுப் பாகங்கள் செயலிழந்தன. வியாழனின் ஆரம் 70,000 கி.மீ. இன்னும் கீழே, பத்து இருபது லட்சம் மடங்கு அழுத்தத்தில், ஹைட்ரஜன் மின்சாரம் கடத்தும் திரவ உலோகம். மறுபக்கம் வருவதை மறந்துவிடுங்கள்.

யுரேனஸ், நெப்டியூனை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அவற்றில் ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறு பங்குதான். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர், அமோனியா, மீத்தேன், பாறை. பூமியோ இரும்பும் ஆக்ஸிஜனும் மட்டுமே 60 சதவீதத்துக்கு மேல்.

டர்பனிலிருந்து வியாழனை வடக்கு வானத்தில் தேடுங்கள். 10×50 பைனாகுலர் போதும். கை ஆடினால் ஒன்றும் தெரியாது, முழங்கையை மதில்மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் வரிசையாக நாலு புள்ளி, வியாழனின் பெரிய நிலாக்கள். அவற்றில் அயோ பாறையும் இரும்பும்தான், தண்ணீரைவிட 3.5 மடங்கு அடர்த்தி. தொலைவில் சுற்றும் காலிஸ்டோ 1.8, பாதிக்குப் பாதி பனிக்கட்டி. பிறந்த காலத்தில் வியாழன் தகித்தது. அதனால் அருகில் பனிக்கட்டி தங்கவில்லை.